கட்டில் திரும்பிய பக்கம்

மேற்கு ஜன்னல்காரிக்கு,

இன்று காலை நம் வார்டில் கட்டில்களை இழுத்தார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமாம். இரும்புக் கால்கள் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் உனக்குத் தெரியும், பல்லெல்லாம் கூசும். ஊசித் தட்டைக் கையில் ஏந்தியபடி நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுண்ணாம்பு வாடையும் பினாயில் வாடையும் கலந்து அடித்தன. இதே வார்டில் ஒரு தடவை ஒரு கட்டில் சத்தமே இல்லாமல் திரும்பியது. அது உன் கட்டில்.

கண் கலங்கியது என்று எழுதத்தான் ஆசை. கலங்கவில்லை. நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, நான் இன்னும் ஒரு சொட்டு அழவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. என்னுடைய தாடைதான், தொட்டால் தெரியவில்லை. வேலை செய்கிறேன், சாப்பிடுகிறேன், சம்பளம் வந்தால் அம்மாவுக்கு அனுப்புகிறேன். கேட்பவர்களிடம் சுகம் என்று சொல்கிறேன்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிக் கொஞ்ச நாளில் நாம் இருவரும் நர்ஸ் குவார்ட்டர்ஸில் ஒரே அறைக்கு வந்தோம். நீ எர்ணாகுளத்து யூதப் பெண். நான் சுசீந்திரம் பக்கத்து வெள்ளாளப் பெண். ராஜாக்களே சேர்ந்துவிட்டார்கள், நாம் சண்டை போட்டால் நன்றாக இருக்காது என்று முதல் நாளே சொன்னாய். என்னிடம் தமிழ் கற்றுக்கொள்கிறேன் என்று தொடங்கினாய். கடைசிவரை உன் தமிழில் பாதி மலையாளமாகவே இருந்தது. என் மலையாளத்தை நீ சிரிக்காமல் கேட்டதே இல்லை, ஆகவே சரிக்குச் சரி.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மேற்குப் பக்கம். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் குளித்துவிட்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவாய். பிறகு அந்த ஜன்னலுக்கு நேரே நின்று வாய்க்குள்ளேயே ஏதோ பாடுவாய். ஜன்னலுக்கு வெளியே என்ன இருந்தது? ஒரு துணி காயப்போடும் கொடி. அதில் எப்போதும் மேட்ரனின் வெள்ளைப் பாவாடைகள்.

"ஏட்டி, உனக்க சாமி மேட்ரனுக்க பாவாடைக்குப் பொறத்தயா இருக்காரு?" என்று கேட்டேன்.

பாட்டை நிறுத்தாமல் கையால் என்னை அடிக்க வந்தாய். முடித்த பிறகு சொன்னாய்: "அல்லடீ. அதுக்கும் பின்னால. கடலுக்கும் அப்புறம்."

கடலுக்கு அப்புறம் ஜெருசலேம். அங்கே உங்களுக்கு ஒரு பெரிய கோயில் இருந்தது, அதை இடித்து எரித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, ஆனாலும் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் அந்தப் பக்கம் திரும்பித்தான் நிற்பீர்கள் என்றாய். இல்லாத கோயிலுக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நீ கோபிக்கவில்லை. "வீடு போயி. திக்கு போயில்லல்லோ" என்று மட்டும் சொன்னாய்.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாய். "உங்களுக்கு நல்ல சுகம். எட்டுத் திக்கிலும் சாமி. பட்சே ராத்திரி எந்தப் பக்கம் கால் நீட்டி உறங்கும்?" உங்கள் வீட்டில் மேற்கே கால் நீட்டினால் உன் அம்மா காலில் தட்டுவாளாம்.

"எங்க சாமிக்குக் காலு எங்க கெடந்தாலும் கோபம் கெடையாது. தலைதான் கணக்கு. வடக்க தலை வச்சுப் படுத்தேன்னா எங்கம்மைக்கு வெறி வந்திரும்" என்றேன். அது பிணத்துக்கு ஆகிற காரியம் போல, உயிரோடு இருப்பவர்கள் செய்யக்கூடாது என்று விளக்கினேன். நீ அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாய். உனக்கு எதையும் வேடிக்கைக்குக் கேட்டு வைக்கும் பழக்கம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நம் பெண்கள் வார்டில் இரண்டு வரிசைக் கட்டில்கள். ஒரு வரிசைக்கு வடக்குச் சுவரில் தலை, மற்றதற்குத் தெற்குச் சுவரில் தலை. வடக்கு வரிசையில் ஸ்ரீவராகத்து மாமி ஒருத்தியைக் கொண்டுவந்து போட்டார்கள், கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு. மாமி கட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், படுக்க மறுத்துவிட்டாள்.

"உத்தமம் கிழக்கு, ஓங்குயிர் தெற்கு, மத்திமம் மேற்கு, மரணம் வடக்குன்னு பெரியவா சும்மாவா சொல்லிவச்சா? கத்தி வைக்கறதுக்கு முன்னாடியே என்னை அனுப்பிடலாம்னு பாக்கறேளா?" என்றாள். தலையணையைக் கால்மாட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் போட்டுப் படுத்துக்கொண்டாள். ரவுண்டு வந்த டாக்டர் தலைமாட்டில் நின்று அவள் பாதங்களிடம் சுகம் விசாரித்தார்.

எதிர்வரிசையில் மைமூன் உம்மா இருந்தாள், உனக்கு நினைவிருக்கும். சாலைக் கடைத்தெருவில் அரிசி வியாபாரம் செய்பவரின் மனைவி, தக்கலைக்காரி. ஈரல் வீங்கி, இனி அதிக நாள் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்த கேஸ். அவளுக்கும் தெரியும். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "மக்ளே, கிப்லா எந்தப் பக்கம்?" எழுந்து நிற்க முடியாதவர்கள் படுத்தபடியே தொழலாம், ஆனால் வலது பக்கம் சரிந்து, முகம் மக்கா இருக்கும் மேற்கைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கட்டிலுக்குத் தெற்கே தலை. வலது பக்கம் சரிந்தால் முகம் கிழக்கே போய்விடும். இடது பக்கம் சரிந்து தொழுதுவிட்டு, ஏற்றுக்கொள்ளப்படுமோ என்று விசனப்பட்டுக்கொண்டிருந்தாள்.

நீ இரண்டு வரிசைக்கும் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றாய். மாமியைப் பார்த்தாய், உம்மாவைப் பார்த்தாய். வடக்கே தலை வைத்து வலது பக்கம் சரிந்தால் முகம் நேரே மேற்கு. மாமிக்கு ஆகாத கட்டில்தான் உம்மாவுக்கு வேண்டிய கட்டில்.

மதியம் மேட்ரன் சாப்பிடப் போனதும் இருவரையும் மாற்றிப் போட்டோம். "துணியெல்லாம் மாத்திட்டேளோன்னோ?" என்று மாமி முறைக்குக் கேட்டுவிட்டு, தெற்கே தலை வைத்துப் படுத்ததும் குறட்டை விட்டாள். உம்மா புதுக் கட்டிலில் வலது பக்கம் சரிந்து கண்ணை மூடிக்கொண்டாள். தொழுது முடித்து, "உங்க ஆளுக எந்தப் பக்கம் மக்ளே?" என்று உன்னைக் கேட்டாள். நீயும் மேற்கே கை காட்டினாய். "ஆதியில நாங்களும் உங்க ஊரப் பாத்துத்தான் தொழுதோம். பொறவுதான் மக்காவுக்குத் திருப்பிச்சு. அடுத்தடுத்த வீடுதான், போ" என்றாள்.

எல்லாம் சரியாகத்தான் செய்தோம், சார்ட்டைக்கூட மாற்றி மாட்டினோம். சமையல்கட்டு கட்டில் நம்பரைப் பார்த்துத்தான் சாப்பாடு அனுப்பும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். சாயங்காலம் மைமூன் உம்மாவுக்கு வந்த ஆட்டுக்கால் சூப்பை வார்டு ஆயா நேராக ஸ்ரீவராகத்து மாமியின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். மாமி போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஆள் ஓடி வந்தது.

மேட்ரன் நம் இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கோட்டயம் பக்கத்து சிரியன் கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் சிரித்து நான் பார்த்ததில்லை. "இது பள்ளியல்ல, அம்பலமல்ல, ஆசுபத்திரி. இவிடே ஒரே திக்கு. டாக்டர் வர்ற வாசல்! அறிஞ்ஞோ?" என்றார், பள்ளிவாசலையும் கோயிலையும் ஒரே மூச்சில் ஒதுக்கி. இனிமேல் ஒரு கட்டில் அசைந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். எனக்குச் சிரிப்பை அடக்கி விலா வலித்தது. அதெல்லாம் நடந்தது என்று தெரிகிறது. அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்று மட்டும் இப்போது நினைவுக்கு வர மறுக்கிறது.

ஆனால் உம்மாவைத் திருப்பி மாற்றச் சொல்லவில்லை, கவனித்தாயா? அவள் அந்தக் கட்டிலிலேயே, மேற்கே பார்த்தபடியே இறந்தாள். கண்ணை மூடிவிட வந்த மேட்ரன் சற்று நின்றார். "ஞங்ஙளுடையது கிழக்கு" என்றார், யாரும் கேட்காமலே. கர்த்தர் திரும்ப வரும்போது கிழக்கிலிருந்து வருவார், அதனால் சர்ச்சில் கிழக்கே பார்த்து நிற்கிறோம், குழியில் வைக்கும்போதும் கால் கிழக்கே, எழுந்தால் நேரே பார்க்கலாம் அல்லவா என்றார். சொல்லிவிட்டு, சொன்னதற்காக நம்மிடமே கோபித்துக்கொண்டு போனார்.

அப்புறம் உங்கள் ஆட்கள் ஜெருசலேம் இருக்கும் தேசத்துக்கே கிளம்பும் பேச்சு வந்தது. உங்கள் தொழுகைக் கூடத்தையும் நீங்கள் பள்ளி என்றுதான் சொல்வீர்கள். பள்ளியோடு பள்ளியாக எல்லோரும் பேர் கொடுத்துவிட்டார்கள், வீட்டை விற்கிறார்கள், பாத்திரங்களை விற்கிறார்கள் என்று ஒவ்வொரு லீவுக்கும் போய்வந்து சொன்னாய். உனக்கு அதில் எத்தனை சந்தோஷம்! எனக்கு இல்லை. அதை நேராகவே சொன்னேன். நீ போய்விட்டால் இந்த அறையில் யாரோ ஒருத்தி வருவாள், அவள் குறட்டை விடுவாள் என்றேன்.

ஒருநாள் விளக்கை ஏற்றிவிட்டு நீ ஜன்னலுக்குத் திரும்பும்போது எனக்கு அந்த யோசனை வந்தது. "ஏட்டி, இங்கேருந்து மேக்க பாத்து நிக்க. சரி. அங்கயே போயிட்டா எந்தப் பக்கம் திரும்புவ?"

உனக்குப் பதில் தெரியாத கேள்வியை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரியைத் தூண்டினாய், யோசித்தாய், கடைசியில் சிரித்தாய். "அது ஞான் அவிடே போயி நின்னு பாத்துட்டு எழுதாம். உறப்பு" என்று வாக்குக் கொடுத்தாய்.

உன்னால் போக முடியவில்லை. பேர் கொடுத்தவர்களைச் சோதிக்க அங்கிருந்து வந்த டாக்டர் உன் மார்பில் குழாயை வைத்துக் கேட்டதும் முகத்தைச் சுளித்தாராம். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்து வைத்திருக்கிறது, இப்போது பயணம் கூடாது, சிகிச்சை எடுத்துக்கொண்டு பின்னால் வரலாம் என்று எழுதிவிட்டார். ஊருக்கெல்லாம் நாடி பிடித்த நீ, உன் மூச்சு வாங்குவதை மாடிப்படி அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பக்கத்துக் கட்டிலில் படுத்த நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா உன்னை விட்டுப் போகமாட்டேன் என்றாளாம். வீடு கைமாறியாயிற்று, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நீ போ, நான் பின்னாலே வந்துவிடுகிறேன் என்று நீதான் ஏற்றிவிட்டாய். வழியனுப்பிவிட்டு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்தாய். எப்படிப் போனார்கள் என்று கேட்டேன். "அம்மா வண்டியிலேருந்து திரும்பித் திரும்பிப் பாத்தா. ஞான் முன்னோட்டு பாருன்னு கை காட்டினேன்" என்றாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் நீ நம் வார்டிலேயே படுத்துவிட்டாய். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும், முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்தேதான் உட்கார்ந்திருக்க வேண்டும். எர்ணாகுளத்தில் மிச்சம் இருந்த உன் மாமாவுக்குத் தந்தி போயிற்று. உனக்குக் கிடைத்தது தெற்கு வரிசை. சாய்ந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே வடக்குச் சுவரும் ஒரு காலண்டரும்தான். நீ ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடிக்கடி கழுத்தைத் திருப்பி மேற்குக் கோடியைப் பார்த்தாய், அந்தச் சின்ன முயற்சிக்கே உதடு நீலமாயிற்று.

மைமூன் உம்மாவுக்குச் செய்த உபாயம் உனக்கு ஆகாது. வலது பக்கம் சரியவிட்டால் உனக்கு மூச்சு இருக்காது. வரிசை மாற்றிப் புண்ணியமில்லை, கட்டிலையே குறுக்கே திருப்ப வேண்டும். நடைவழி அடைபடும். நான் வேலையைப் பற்றி யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன், எதையும் யோசிக்கவில்லை. போய் கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தேன். என் ஒருத்தியால் அசையவில்லை. இழுத்தேன், தரை கிறீச்சிட்டது, நீ கண்ணை இறுக்கிக்கொண்டாய்.

பின்னால் மேட்ரன் நின்றுகொண்டிருந்தார். உன்னைப் பார்த்தார், மேற்கு ஜன்னலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

"வலிக்கண்டா, இழுக்காதே. சத்தம் கேட்டால் அவளுக்கு ஆகாது. தூக்கு" என்றார்.

இழுக்காமல் தூக்கினோம். அவர் தலைமாடு, நான் கால்மாடு, நடுவில் ஆயாக்கள். ஓர் ஓசையும் இல்லாமல் நீ மேற்கே திரும்பினாய். ஜன்னல் கதவை மேட்ரனே திறந்துவிட்டார். அதற்கப்புறம் ரவுண்டு வந்த டாக்டர் மேட்ரனின் முகத்தைப் பார்த்துவிட்டு உன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனார்.

வெளியே சலவைக்காரர்கள் ஆஸ்பத்திரித் துப்பட்டிகளைக் காயப்போட்டிருந்தார்கள். நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஒண்ணும் காணான் இல்லடீ. துணியாணு" என்றாய்.

"அதுக்கும் பொறத்த பாருட்டி. கடலுக்கும் அந்தப் பக்கம்" என்றேன்.

நீ சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் பிற்பகல் நான் மருந்து எடுத்து வருவதற்குள் முடிந்திருந்தது. கண் ஜன்னலில் இருந்தது. நான் மூடிவிட்டேன். உடனே அடுத்த கேஸுக்கு வழி வேண்டுமென்று கட்டிலைப் பழைய இடத்துக்கே தூக்கிப் போட்டார்கள். உன் மாமா டாக்ஸியோடு வந்து சேர்ந்தபோது நீ ஊரோடு ஒத்து வடக்கே பார்த்துக் கிடந்தாய். அவர் உன்னை எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனார். நான் அன்று மிச்ச டியூட்டியையும் பார்த்தேன்.

போன வாரம் அந்த மாமா மறுபடி வந்தார். ஏதோ வீட்டுப் பத்திர விஷயமாக செக்ரட்டேரியட்டுக்கு வந்தவர், என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து குடையை மடக்கி மடக்கி விரித்தார். உன் அம்மா ஒவ்வொரு தபாலிலும் ஒரே கேள்வியைக் கேட்கிறாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லையாம்.

"கடைசியில எண்டெ மோள் எந்தப் பக்கம் பாத்துக் கிடந்நுன்னு சேச்சி கேக்குந்நு. ஞான் வரும்போ வடக்கோட்டாணு கண்டது. அதெங்ஙனே எழுதும்?" என்றார்.

நான் சொன்னேன். கட்டிலைத் திருப்பியதை, மேட்ரன் தூக்கியதை, ஜன்னலை, துணிகளை. மேற்கே பார்த்துத்தான் போனாள், கண்ணை மூடியவள் நான், எனக்குத் தெரியும் என்றேன். அவர் குடையைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் நான் கேட்டேன், நீ எழுதாமல் விட்டதை. அங்கே அவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள்?

"அதா? சேச்சியுடே கிராமம் ஜெருசலேமுக்கு மேற்கே, குன்னின் அடியில. அப்போ அவரெல்லாம் நிக்கிறது கிழக்கோட்டு" என்றார். "இத்தனை காலம் மேற்கே நின்னு பழகினது, முதல்ல கால் தன்னாலே திரும்பிப் போகுமாம்."

கிழக்கே. உன் அம்மா தினமும் கிழக்கே பார்த்து நிற்கிறாள். முதலில் ஜெருசலேம், அதற்கும் பின்னால் கடல், கடலுக்கும் இந்தப் பக்கம் நீ. நீ மேற்கே பார்த்துப் போனாய். வண்டியில் போனவளை முன்னால் பார் என்றாயே. அவள் முன்னால்தான் பார்க்கிறாள், அங்கே நீ இருக்கிறாய். மாமாவிடம் இதைச் சொல்லி, தபாலில் எழுதச் சொன்னேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. அவர் கீழே வைத்த குடையை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அடுத்த மாதம் எங்கள் நாஞ்சில் நாடு மதராஸோடு போகிறது. என்னை நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். இனி வீட்டிலிருந்தே வேலைக்குப் போவேன். அங்கே போனதும் வார்டில் மேற்கு எது, கிழக்கு எது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்வேன், அது உன்னிடம் வந்த பழக்கம். பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும்.

ஒன்றுதான் சிக்கல். நேற்றுப் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எர்ணாகுளத்தில் உன்னைப் புதைத்த இடம் வடக்கே வருகிறது. அம்மா எனக்குப் பாய் விரிப்பாள், தெற்கே தலை, வடக்கே கால். உன் பக்கம் கால் நீட்டிப் படுக்க என்னால் ஆகாது. தலையணையை வடக்கே மாற்றிப் போடப்போகிறேன். அம்மாவுக்கு வெறி வரும்.